கதவில் ஒலித்தணிப்பு ஷீட் ஒட்டிய பிறகு தோன்றும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

கார்க் கதவுகளில் அதிர்வைத் தணிக்கும் ஷீட்டை ஒட்டுவது, பொறுமையும் ஒரு முழு நாளும் கையில் இருக்கும் எவரும் செய்து முடிக்கக்கூடிய வேலைதான். ஆனால் வேலை முடிந்து டோர் பேடை (கதவின் உட்புறத்தை மூடும் பலகையை) மாட்டிய பிறகு கண்ணாடி பாதியில் நிற்பதும், மழை விட்ட மறுநாள் கதவுக்குள் தண்ணீர் ஆடுவதும், முன்பு இல்லாத ஒரு கடகடப்பு புதிதாகத் தொடங்குவதும் பலருக்கும் நேர்கிறது. உடனே ஷீட்டின் தரத்தைக் குறை சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பிய்த்தெடுக்கத் தொடங்குகிறோம். என் அனுபவத்தில், இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஷீட் காரணமே இல்லை. அது ஒட்டப்பட்ட இடம்தான் காரணம்.

கதவு பார்ப்பதற்கு மூடிய பெட்டி போலத் தோன்றினாலும், உண்மையில் அது மழைநீர் மேலே நுழைந்து கீழே வடிந்து போவதற்காகவே திறந்து விடப்பட்ட ஒரு கூடு. அதற்குள் கண்ணாடி ஏறி இறங்குகிறது, லாக் கம்பிகள் முன்னும் பின்னும் நகர்கின்றன, வயர்கள் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் மடங்கி நிமிர்கின்றன. நீர் போக வேண்டிய வழியையோ, ஒரு பாகம் அசைய வேண்டிய இடத்தையோ ஷீட் மறித்தால் அது ஏதாவது ஓர் அறிகுறியாக வெளியே வந்தே தீரும். ஆகவே டோர் பேடைக் கழற்றும் முன்பு, “நான் ஒட்டியது எதன் வழியை மறித்திருக்கக்கூடும்?” என்று கேட்டுக்கொண்டு தொடங்கினால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

கதவைத் திரும்பத் திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. பல கார்களில் பக்கவாட்டு மோதலை உணரும் சென்சார் முன்கதவுக்குள்ளேயே இருக்கிறது. சிலவற்றில் காற்றுப்பையே கதவில் இருக்கும். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே கனெக்டர்களைத் தொடுங்கள். கையுறை கட்டாயம் வேண்டும். உள்தகட்டில் வெட்டப்பட்ட துளைகளின் விளிம்பும், ஷீட்டின் மேலிருக்கும் அலுமினியத் தாளின் விளிம்பும் சதையைச் சத்தமில்லாமல் கிழித்துவிடும்.

உள் கைப்பிடி அல்லது லாக் சரியாக வேலை செய்யவில்லை

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற கோளாறுகள் எரிச்சலைத் தரும். இதுவோ உள்ளே இருப்பவரை வெளியே வர முடியாமல் செய்துவிடும். கைப்பிடியிலிருந்து லாக்குக்குச் செல்லும் கம்பியோ கேபிளோ உள்தகட்டை ஒட்டியே ஓடுகிறது. அதன் மேல் ஷீட்டை இழுத்து ஒட்டியிருந்தால் கம்பி பாதி தூரம் நகர்ந்து பசையில் சிக்கி நின்றுவிடும். கைப்பிடி கனமாகத் தோன்றினால், அல்லது இழுத்துவிட்ட பிறகு மெல்லத் திரும்பினால், இதுதான் காரணம். அந்த இடத்தில் ஷீட்டை வெட்டி, கம்பியின் இருபுறமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். கைப்பிடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தளர்ந்து ஆடினால், டோர் பேடை மாட்டும்போது கேபிளின் முனை கொக்கியில் உட்காரவில்லை என்று பொருள்.

இந்தச் சோதனையை எப்போதும் கதவைத் திறந்து வைத்தே செய்யுங்கள். கதவின் ஓரத்தில் தெரியும் லாக்கின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். பொதுவாக இரண்டு முறை ‘க்ளிக்’ என்ற ஓசை கேட்கும். பிறகு உள் கைப்பிடியை இழுத்து நாக்கு விடுபடுகிறதா என்று பாருங்கள். அடுத்து வெளிக் கைப்பிடி, அதன் பின் சென்ட்ரல் லாக். பின்கதவாக இருந்தால், குழந்தைகளுக்கான பூட்டு தவறுதலாகப் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யாமல் கதவை அடைத்துவிட்டேன். கேபிள் கொக்கியிலிருந்து விலகியிருந்ததால் உள்ளிருந்து திறக்க முடியவில்லை. வெளிக் கைப்பிடி வேலை செய்ததால் தப்பித்தேன். அதுவும் செய்யாமல் போயிருந்தால், மூடிய கதவிலிருந்து டோர் பேடை உடைத்தெடுக்க வேண்டி வந்திருக்கும். அன்று முதல், ஸ்க்ரூ டிரைவர் சோதனை முடியும் வரை எந்தக் கதவையும் நான் அடைப்பதில்லை.

கண்ணாடி மெதுவாக ஏறுகிறது, பாதியில் நிற்கிறது அல்லது தானாகக் கீழே திரும்புகிறது

கண்ணாடி எந்த உயரத்தில் தடுமாறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் தடுமாறினால், அந்த உயரத்தில் ஏதோ ஒன்று உரசுகிறது என்பது உறுதி. டோர் பேடைக் கழற்றி, ஸ்விட்சை மட்டும் தற்காலிகமாக இணைத்து, ஒருவர் கண்ணாடியை மெல்ல இயக்க, இன்னொருவர் டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்க்க வேண்டும். கை எதுவும் கதவுக்குள் இருக்கக்கூடாது. வெளித்தகட்டில் ஒட்டிய ஷீட்டின் மேல் விளிம்பு சுருண்டு கண்ணாடியின் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதே பெரும்பாலும் கண்ணில் படும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் கறுப்பாகப் பசைக் கோடு விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வெட்டி எறிந்து, விளிம்பை மறுபடி ரோலரால் அழுத்தினால் போதும்.

எல்லா உயரத்திலும் ஒரே சீராக மெதுவாக ஏறினால் ஷீட்டை விட்டுவிட்டு, வேலைக்காக எதையெல்லாம் கழற்றினீர்கள் என்று யோசியுங்கள். கண்ணாடியை ஏற்றும் இயந்திரத்தின் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் அது சற்றுச் சாய்வாக உட்கார்ந்திருக்கக்கூடும். போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றி, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்க வேண்டும்.

மேலே வரை சிக்கலின்றிப் போய், முட்டும் இடத்தில் மட்டும் தானாகத் திரும்பி இறங்கினால், அது பெரும்பாலும் பேட்டரியைக் கழற்றியதன் விளைவு. விரல் நசுங்காமல் காக்கும் அமைப்பு, கண்ணாடியின் மேல் எல்லை எது என்பதை மறந்திருக்கும். பல கார்களில் கண்ணாடியை முழுதாக மூடியபின் ஸ்விட்சைச் சில நொடிகள் பிடித்திருந்தால் அது மீண்டும் கற்றுக்கொள்ளும். உங்கள் காருக்கான சரியான முறை கையேட்டில் இருக்கும்.

கதவுக்குள் தண்ணீர் ஆடும் ஓசை, அல்லது மிதியடி ஈரமாகிறது

இவை இரண்டும் தண்ணீரால் வருபவைதான், ஆனால் காரணங்கள் நேர் எதிரானவை, குழப்பிக்கொள்ளக்கூடாது. ஓசை கேட்டால் தண்ணீர் வெளியேற வழியில்லை. மிதியடி ஈரமானால் தண்ணீர் உள்ளே வர வழியிருக்கிறது.

முதலில் ஓசை. கண்ணாடியின் வெளிப்பக்கம் உரசும் ரப்பர் பட்டை மழைநீர் முழுவதையும் தடுப்பதில்லை. அதைத் தாண்டும் நீர் கண்ணாடி வழியாக இறங்கி, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியேறுவது இயல்பான ஏற்பாடு. இத்துளைகள் கதவின் கீழ் மடிப்பில், சில கார்களில் ரப்பர் மூடிக்குப் பின்னால், நகம் நுழையும் அளவுக்குச் சிறிய வெட்டுகளாக இருக்கும். ஷீட்டை அடிவரை இறக்கி ஒட்டியிருந்தால் அவை மூடிப்போகும். கதவைத் திறந்து, கீழ் விளிம்பில் விரலைத் தடவிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் தட்டுப்படும். பிளாஸ்டிக் கம்பி ஒன்றை உள்ளே விட்டுப் பாருங்கள். அது மெத்தென்ற எதிலோ முட்டி நின்றால், அதுதான் உங்கள் ஷீட். கூரான இரும்புக் கம்பியால் குத்திக் கிழிக்க வேண்டாம்; துளையின் ஓரத்துப் பெயின்ட் பெயர்ந்து துரு அங்கேயே தொடங்கிவிடும். டோர் பேடைக் கழற்றி, கீழ் மடிப்பிலிருந்து மேலே மூன்று நான்கு விரற்கடை அளவுக்கு ஷீட்டை முழுவதும் நீக்குங்கள். அந்தப் பகுதியில் அதிர்வு குறைவு. அங்கே ஷீட் இல்லாததால் எந்த இழப்பும் இல்லை.

இந்த நேரத்தில், வேறு என்ன ஒட்டினீர்கள் என்பதையும் பாருங்கள். நீரை உறிஞ்சும் பஞ்சுபோன்ற ஃபோமோ, துணிக் கம்பளமோ கதவின் ஈரப்பகுதிக்குள் இருந்தால் அதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அது பல நாட்கள் ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அந்த இடத்தில் நீர் புகாத மூடிய நுண்ணறை ஃபோம் மட்டுமே இருக்கலாம்.

இனி மிதியடி. உள்தகட்டின் மேல் தொழிற்சாலையிலேயே ஒட்டி வரும் பிளாஸ்டிக் திரையைப் பலர் வேண்டாத தாள் என்று நினைத்துக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கதவின் ஈரப்பக்கத்தையும் உலர்ந்த பக்கத்தையும் பிரிக்கும் எல்லை அந்தத் திரைதான். அதன் கீழ் விளிம்பைக் கவனித்தால், உள்தகட்டிலுள்ள ஒரு நீண்ட வெட்டுக்குள் செருகப்பட்டிருக்கும். திரையின் பின்புறம் வழியும் துளிகள் மறுபடி கதவுக்குள்ளேயே விழ வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. திரையைத் திரும்ப ஒட்டும்போது விளிம்பை வெட்டுக்கு வெளியே விட்டுவிட்டால், ஒவ்வொரு துளியும் டோர் பேடுக்குள் இறங்கி மிதியடியை அடையும். திரைக்குப் பதிலாக, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பரால் ஆன ஒலித்தணிப்பு ஷீட்டால் உள்தகட்டை மூடியிருந்தால், இரண்டு துண்டுகள் சேரும் இடத்திலும் வயர்கள் நுழையும் இடத்திலும் நூலளவு இடைவெளிகூட இருக்கக்கூடாது.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க, டோர் பேடைக் கழற்றிய நிலையில் கண்ணாடியை மூடி, உள்தகட்டின் மேல் உலர்ந்த டிஷ்யூ தாள்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். வெளியே ஹோஸ் குழாயில் வேகமில்லாமல் தண்ணீரைத் திறந்து, கண்ணாடியின் கீழ் விளிம்பில் பத்து நிமிடம் வழியவிடுங்கள். முதலில் நனையும் தாள் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். நான் பார்த்தவரை, அது பெரும்பாலும் ஒரு வயரின் கீழ்தான் நனையும். ஈரப்பக்கத்தில் வயர் மேலிருந்து நேராகத் துளைக்குள் இறங்கினால், நீர் அதைப் பற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறது. துளைக்கு முன்பாக, துளையை விடத் தாழ்வாக வயரில் ஒரு வளைவு விடுங்கள். நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப் போகும்.

புதிதாக ஒரு கடகடப்பு அல்லது ரீங்காரம்

ஒலித்தணிப்பு செய்த பிறகு புது ஓசை வருவது மனதைச் சோர்வடையச் செய்யும். சில நேரங்களில் அந்த ஓசை முன்பே இருந்ததுதான். தகட்டின் பெரிய இரைச்சல் அடங்கியதால் இப்போது காதில் விழுகிறது. எப்படியிருந்தாலும் அதை நீக்கலாம்.

பாட்டு ஒலிக்கும்போது மட்டும் வந்தால், காரை நிறுத்திவிட்டு, 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல உயரும் ஒற்றைத் தொனியை நடுத்தர ஒலி அளவில் ஓடவிடுங்கள். கடகடப்பு தொடங்கும் இடத்தில் தொனி உயர்வதை நிறுத்தி, அதே தொனியைத் தொடரவிட்டு, உள்ளங்கையால் டோர் பேடின் ஒவ்வொரு பகுதியையும் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது ஓசை நிற்கிறதோ, அதற்குப் பின்னால் இருப்பதுதான் குற்றவாளி. எங்கே அழுத்தியும் நிற்காவிட்டால் கோளாறு உள்தகட்டுக்கு அப்பால் இருக்கிறது. டோர் பேடைக் கழற்றிவிட்டு அதே தொனியை மறுபடி ஓடவிட வேண்டும். அப்போது லாக் கம்பிகள், கட்டப்படாமல் தொங்கும் கனெக்டர்கள், ஸ்பீக்கரின் அடாப்டர் வளையம் என்ற வரிசையில் விரலால் தொட்டுப் பாருங்கள். லாக் கம்பிக்கு வயரிங்கில் சுற்றும் துணி டேப்பைச் சுற்றலாம். ஆனால் கம்பி நகரும் தூரம் முழுவதும் அது எங்கும் சிக்காமல் இருக்க வேண்டும். கனெக்டரை மெல்லிய ஃபோமில் பொதிந்து கட்டுங்கள்.

மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் முதலில் கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றிப் பாருங்கள். அதில் ஓசை நின்றால், பாதி இறங்கிய கண்ணாடிதான் அதன் ரப்பர் பாதைக்குள் ஆடுகிறது. நிற்காவிட்டால், கதவின் வெளிப்பக்கத்தை முஷ்டியின் ஓரத்தால் மெல்லத் தட்டுங்கள். வெளித்தகட்டுக்கும் அதன் பின்னால் குறுக்காக ஓடும் பாதுகாப்பு இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் தொழிற்சாலையில் வைக்கப்பட்ட பசைத் துண்டுகள் நாளடைவில் காய்ந்து விட்டுவிடும். தட்டும்போது இரட்டை ஓசை கேட்டால் அதுதான். அங்கே மூடிய நுண்ணறை ஃபோம் துண்டை லேசாகச் செருகினால் போதும். இறுக்கித் திணித்தால் வெளித்தகடு உப்பி, வெளிச்சத்தில் பெயின்டின் மேல் அலையாகத் தெரியும். அதைச் சரிசெய்வது ஓசையை நீக்குவதை விடப் பல மடங்கு கடினம்.

திரும்பும்போதும் கதவை அடைக்கும்போதும் ஒரே ஒரு ‘டிக்’ கேட்டால், அது அடியில் உருளும் ஒரு ஸ்க்ரூ. கழற்றிய ஸ்க்ரூக்களை எண்ணிப் பாருங்கள்.

சாலை இரைச்சல் குறையவே இல்லை

இது கோளாறு அல்ல. ஷீட்டிடம் நாம் எதிர்பார்த்ததில் உள்ள பிழை. பியூட்டைல் ஷீட் தகட்டின் அதிர்வைத்தான் தணிக்கிறது: தகடு நடுங்கும்போது, அதற்கும் மேலிருக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவில் பியூட்டைல் இழுபட்டு, அதிர்வை வெப்பமாக மாற்றிவிடுகிறது. காற்றில் மிதந்து வரும் ஒலியை அது அதிகம் தடுப்பதில்லை. அதிர்வைத் தணிக்க, தகட்டின் தட்டையான பரப்பில் கால் பங்கு முதல் பாதி வரை மூடினாலே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். இரண்டாவது அடுக்கு எடையைத்தான் கூட்டும், 2 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ இருக்கும், அந்தப் பாரத்தைக் கீல்கள்தான் தாங்குகின்றன.

ஷீட் தன் வேலையைச் செய்கிறதா என்பதை விரல் முட்டியே சொல்லிவிடும். ஒட்டாத கதவைத் தட்டினால் ‘டங்’ என்று நீளும். ஒட்டிய கதவு ‘தொப்’ என்று அடங்கும். அப்படி அடங்கினால் கதவை விட்டுவிடுங்கள். மீதி இரைச்சல் டயர்களிலிருந்து தளத்தின் வழியாகவும் சக்கர வளைவுகளின் வழியாகவும் வருகிறது, அல்லது காற்று பீடிங்கை, அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை, தாண்டி நுழைகிறது. எது என்று அறிய, ஓட்டுநர் கதவைத் தவிர மற்றக் கதவுகளின் வெளி இடைவெளிகளை மாஸ்கிங் டேப்பால் மூடி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். கேட்கும்படியாகக் குறைந்தால் குறை பீடிங்கில் இருக்கிறது. கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்து அடைத்து இழுத்துப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கி வரும் இடம் கசியும் இடம். ஷீட் ஒட்டிய பிறகு புதிதாக விசில் போன்ற ஓசை தொடங்கியிருந்தால், கண்ணாடியோரத்து ரப்பர் பட்டையும், கதவுக்கும் அது மாட்டியிருக்கும் காரின் தூணுக்கும் நடுவில் வயர்கள் செல்லும் ரப்பர் உறையும் தம் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

கைபேசிச் செயலியில் டெசிபல் அளந்து ஏமாற்றம் அடைந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செயலிகள் பெரும்பாலும் ஏ-வெயிட்டிங் என்ற அளவுகோலில் காட்டுகின்றன. அதில் 100 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 19 டெசிபல் குறைத்தே கணக்கிடப்படுகிறது. ஷீட் அடக்கிய தாழ்ந்த முழக்கம் காதுக்குத் தெரியும், எண்ணில் தெரியாது. உங்கள் காதை நம்புங்கள்.

காற்றில் வரும் ஒலியைத் தடுக்க எடைதான் வேண்டும். தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் கோட்பாட்டுப்படி 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். அதற்காகச் செய்யப்படும் கனமான வினைல் திரை, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ எடையில், ஃபோமுடன் சேர்த்து உள்தகட்டுக்கும் டோர் பேடுக்கும் நடுவில் தொங்கவிடப்படுகிறது. அதில் ஓட்டைகள் விட்டால் ஒலி அவற்றின் வழியாகவே வந்துவிடும்.

ஷீட் விளிம்பில் தூக்குகிறது அல்லது வழிந்து இறங்குகிறது

விளிம்பு தூக்கினால் தகட்டில் எண்ணெய்ப் பசையோ, தொழிற்சாலையில் தெளித்த துருத்தடுப்பு மெழுகோ இருந்திருக்கும். அல்லது ரோலர் போதவில்லை. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, துணி வெள்ளையாகவே திரும்பும் வரை துடைக்க வேண்டும். அலுமினியத் தாளின் மேலிருக்கும் கட்டம் கட்டமான பொறிப்பு மறைந்து மழமழப்பாகும் வரை உருட்ட வேண்டும். பொறிப்பு தெரியும் இடமெல்லாம் அடியில் காற்று இருக்கிறது. வெளித்தகட்டில் மட்டும் அழுத்தத்தைக் குறையுங்கள். 15 டிகிரிக்குக் கீழ் பியூட்டைல் விறைத்திருக்கும். ஹீட் கன்னால் ஷீட்டை மிதமாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், மறுபக்கத்தில் பெயின்ட் இருப்பதை நினைவில் வைத்து.

முழு ஷீட்டும் வழிந்து இறங்கி, வெயிலில் தார் வாடையும் அடித்தால், அது பியூட்டைல் இல்லை, தார் ஷீட். வெயிலில் நிற்கும் கருநிறக் கதவின் தகடு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் மலிவான தார் இளகிவிடும். அதை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயல வேண்டாம். குளிர்ந்த காலை நேரத்தில் அது விறைத்திருக்கும்போது பிளாஸ்டிக் சுரண்டியால் பெயர்த்தெடுத்து, மிச்சத்தை மினரல் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் சுத்தம் செய்து, புதிதாகத் தொடங்குங்கள்.

ஸ்பீக்கரில் பேஸ் குறைந்துவிட்டது

வேலை சரியாக நடந்திருந்தால் பேஸ் கூடியிருக்க வேண்டும். உள்தகட்டின் பெரிய துளைகள் மூடப்படும்போது, ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்கத்துக்கு வந்து அதை அழிப்பது நிற்கிறது. குறைந்திருந்தால், பெரும்பாலும் ஒரு கதவில் மட்டும் வயர்கள் மாறி இணைக்கப்பட்டிருக்கும். ஸ்பீக்கரை வயரிங்கிலிருந்து பிரித்து, 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை அதன் பாசிட்டிவ் முனையிலும் நெகட்டிவை நெகட்டிவ் முனையிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ள வேண்டும். இப்படி இரு கதவு ஸ்பீக்கர்களின் முனைகளையும் உறுதி செய்துகொண்டு, வயரின் நிறத்தோடு ஒப்பிட்டு இணையுங்கள். பெரிய துளையை வெறும் ஷீட்டால் மூடியிருந்தால் அது மத்தளத் தோல் போல ஆடும். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி ஸ்க்ரூவால் பொருத்தி, அதன் மேல் ஷீட்டை ஒட்டுங்கள். பின்னாளில் கண்ணாடி மோட்டாரை மாற்ற வேண்டி வந்தால் கழற்றவும் எளிது.

டோர் பேட் ஒட்டி உட்காரவில்லை

கிளிப்கள் நுழையும் துளைகளைச் சுற்றி ஷீட்டோ ஃபோமோ இருக்கிறது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வட்டமாக வெட்டி எடுங்கள். உடைந்த கிளிப்பைப் பசை போட்டு ஒட்டாமல் புதிதாக மாற்றுங்கள்.

காற்றுப்பை விளக்கு எரிகிறது

இக்னிஷன் போட்டிருந்தபோது ஏதோ ஒரு கனெக்டர் கழன்றிருக்கிறது, அல்லது திரும்ப மாட்டும்போது சரியாக உட்காரவில்லை. கனெக்டரைச் சரிசெய்த பிறகும் விளக்கு அணையாவிட்டால் ஸ்கேனர் கருவியுள்ள பணிமனையில் பிழைக்குறியை நீக்க வேண்டும். கதவுக்குள் இருக்கும் சென்சார் பல கார்களில் மோதலின்போது கதவின் உள்வெளியில் திடீரென உயரும் காற்றழுத்தத்தை உணரும் வகை. அதன் வாயின் மேல் ஷீட் படிந்திருந்தால் உடனே அகற்றுங்கள். உள்தகட்டில் தொழிற்சாலை மூடிவைத்த எந்தத் துளையையும் திறந்து விடாதீர்கள். இந்த விளக்கு எரியும்போது அந்தக் காரில் யாரையும் ஏற்றிச் செல்லாமல், நேராகப் பணிமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.